சி, டி என்று பிரிப்பதா, ஒரே வீடாக விடுவதா?

கிராணி ஐயா தன் மோட்டார் சைக்கிள் பின்சீட்டில் ரப்பர் கயிற்றால் கட்டி சிபியுவைக் கொண்டுவந்து இறக்கியபோது, கோயில் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகு கோயில் கணக்கு, அன்னதானப் பட்டியல், திருவிழாப் படங்கள் எல்லாம் அவர் கம்ப்யூட்டரில்தான்.

"ரொம்ப மெதுவாப் போவுது தம்பி. ஃபார்மட் பண்ணிட்டு, முன்ன மாதிரியே ரெண்டாப் பிரிச்சுப் போட்டுரு. சி-யில விண்டோஸ், டி-யில என் கணக்கு. சி போனாலும் டி இருக்கும்ல?"

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் நான் கம்ப்யூட்டர் கடை போட்ட நாளிலிருந்து இதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூலிமிலிருந்து வருகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரில் கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்கைச் சி, டி என்று பிரிப்பது நல்லதா, ஒரே துண்டாக விடுவது நல்லதா, இல்லை இரண்டு டிஸ்க் வாங்குவதா என்பது ஆளுக்கு ஆள் மாறும் கேள்வி. ஆனால் "சி போனாலும் டி இருக்கும்" என்ற நம்பிக்கையை வைத்து முடிவெடுத்தால் முடிவு தப்பாகத்தான் போகும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் இருப்பது ஒரே அச்சில் சுழலும் தட்டுகள், ஒரு மோட்டார், தட்டின் மேல் படாமல் மிதக்கும் படிக்கும் முனைகளைத் தாங்கிய ஒரு கை. அந்த முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி தூசியைவிடப் பல மடங்கு சிறியது. எங்கள் பக்கத்தில் இதை விளக்கத் தேவையே இல்லை. தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர் விடியற்காலையில் பாக்டரி பஸ் ஏறிப் பினாங்குப் பக்கம் எலக்ட்ரானிக் வேலைக்குப் போனவர்கள். என் சித்தியும் ஹார்ட் டிஸ்க் பாக்டரி ஒன்றில் வெள்ளை அங்கியும் முகமூடியும் போட்டு வேலை செய்தவர். "ஒரு முடி விழுந்தா அந்தத் தட்டு குப்பைக்குத்தான்" என்பார்.

பார்ட்டிஷன், அதாவது இப்படிப் பிரிப்பது, இந்தத் தட்டுகளை உண்மையில் வெட்டுவதில்லை. டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு சிறிய அட்டவணை எழுதப்படுகிறது: இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை முதல் பகுதி, அடுத்த எண்ணிலிருந்து இரண்டாம் பகுதி. அவ்வளவுதான். மோட்டார் நின்றால், முனை தட்டில் உரசினால், மழைக்கால இடியில் கரண்டு ஏறி டிஸ்க்கின் போர்டு கருகினால், சி-யும் டி-யும் சேர்ந்தே போகும்.

இதைச் சொன்னதும் கிராணி ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ லயத்து வீடு மாதிரியா? நடுவுல பலகைச் சுவர்தான், கூரை ஒண்ணு?"

அதேதான். எனக்கு இத்தனை வருஷமாக இந்த உவமை தோன்றவில்லை.

சரி, அப்படியானால் பிரிப்பதில் பலனே இல்லையா? இருக்கிறது, சொல்லும்படியான ஒரே ஒரு பலன். விண்டோஸ் கெட்டுப்போனால், வைரஸ் புகுந்தால், சி-யை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றலாம். டி-யில் உள்ளது தொடப்படாமல் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது பெரிய வசதி. அன்றைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாரும் விண்டோஸை மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போதோ விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உங்கள் கோப்புகளை வைத்துக்கொண்டு சிஸ்டத்தை மட்டும் புதுப்பிக்கும் ரீசெட் வசதி உள்ளேயே இருக்கிறது. பழைய காரணம் முழுதாகப் போய்விடவில்லை, ஆனால் பாதியாகக் குறைந்துவிட்டது.

வைரஸ் என்றதும் இன்னொன்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை வைரஸ் வந்தால் அது டிரைவ் எழுத்தைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் எல்லா டிரைவையும் வரிசையாகப் பூட்டும். டி அங்கேயும் உதவாது.

அந்த ஒரு பலனும் யாருக்குக் கிடைக்கும் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. கிராணி ஐயாவின் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். டி-யில் 2016 என்று பெயரிட்ட ஒரே ஒரு ஃபோல்டர். மற்றதெல்லாம், கோயில் கணக்கு, பேரன் பிறந்தநாள் படம், உறுப்பினர் பட்டியல், அத்தனையும் டெஸ்க்டாப்பில் குவிந்து கிடந்தன. டெஸ்க்டாப் இருப்பது சி-யில். அவர் கேட்டபடியே நான் சி-யை ஃபார்மட் செய்திருந்தால், பத்திரம் என்று அவர் நம்பிய டி-யில் அந்த ஒரு ஃபோல்டரைத் தவிர ஒன்றும் இல்லை, இருந்த இடத்தையும் நானே அழித்திருப்பேன். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ் ஃபோல்டர்களின் இருப்பிடத்தை டி-க்கு மாற்றி வைக்கலாம். அந்த ஃபோல்டரை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ் போய், லொக்கேஷன் என்ற தாவலில் மாற்ற வேண்டும். பிரித்துக் கொடுக்கும் கடைக்காரர்கள் இதைச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை. இதைச் செய்யாமல் பிரிப்பதால் கிடைப்பது டி என்ற எழுத்து மட்டும்தான்.

பிரிப்பதில் உள்ள உண்மையான தொல்லை இடம். முதல் நாளே சி-க்கு இவ்வளவு, டி-க்கு இவ்வளவு என்று முடிவெடுக்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து எவ்வளவு தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? என்னிடம் வரும் கம்ப்யூட்டர்களில் நான் அதிகம் பார்க்கும் காட்சி இது: சி 100 ஜிபி, சிவப்புக் கோடு, அப்டேட் ஏற இடமில்லை. பக்கத்தில் டி, 700 ஜிபி காலி. ஐபோனைக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுத்தால் அது சி-யில் போய் உட்காரும். டவுன்லோட் எல்லாம் சி. ஒன்டிரைவ் ஃபோல்டரும் நாம் மாற்றாதவரை சி.

பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மாற்றலாம், ஆனால் நினைப்பது போல எளிதல்ல. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு பகுதியை நீட்ட வேண்டுமானால் அதற்கு வலப்பக்கம் ஒட்டியே காலி இடம் இருக்க வேண்டும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வால் பக்கத்தில்தான் கிடைக்கும். சி-க்கும் அந்தக் காலி இடத்துக்கும் நடுவே டி நிற்கும். போதாததற்கு, விண்டோஸ் தானே உருவாக்கும் ரெக்கவரி பகுதி பல கம்ப்யூட்டர்களில் சி-யின் வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டவும் அந்தக் கருவிக்குத் தெரியாது. வேறு மென்பொருள் வைத்து நகர்த்தலாம். நகர்த்தும் நேரத்தில் கரண்டு போனால் என்ன ஆகும் என்பதை மழைக்காலத்தில் எங்கள் ஊரில் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். அப்படிச் செய்வதாக இருந்தால் முதலில் எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஆகவே என் கணக்கு இப்படி. கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே டிஸ்க், அதுவும் 256 அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) என்றால் பிரிக்கவே வேண்டாம். பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் கொண்டுவரும் லேப்டாப்கள் பெரும்பாலும் இந்த ரகம். 256 ஜிபி என்பது விண்டோஸில் 238 என்றுதான் தெரியும். கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது. 1 டெராபைட் வாங்கினால் 931 தெரிவதும் இதனால்தான், கடைக்காரன் திருடவில்லை. இருக்கிற 238-ஐயும் இரண்டாக வெட்டினால் இரண்டு பக்கமும் நெருக்கடி.

சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான், 1 டெராபைட்டோ அதற்கு மேலோ, வேறு செலவு செய்ய முடியாது என்றால் பிரிக்கலாம். ஆனால் சி-க்கு 250 ஜிபிக்குக் குறையாமல் கொடுங்கள். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்த அளவு 64 ஜிபி. அது உள்ளே நுழைய மட்டும் போதும், குடியிருக்கப் போதாது. ஹார்ட் டிஸ்க்கில் பிரிப்பதால் ஒரு சின்ன நன்மையும் உண்டு. தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு அடங்கும், அதனால் அங்கே படிக்கும் வேகம் அதிகம். முதல் பகுதி பொதுவாக வெளி விளிம்பில் அமையும். எஸ்எஸ்டியில் தட்டே இல்லை, இந்தக் கணக்கும் இல்லை.

கொஞ்சம் காசு செலவழிக்க முடியும் என்றால் இரண்டு டிஸ்க்தான். ஒரு எஸ்எஸ்டியில் விண்டோஸ், நல்ல நிலையில் உள்ள பழைய ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகள். பிரிப்பதால் கிடைக்கும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பது உண்மையில் இங்கேதான் கிடைக்கிறது: ஒன்று போனால் மற்றது இருக்கும். கிராணி ஐயா சொன்ன "மெதுவாப் போவுது" என்ற குறையும் இதில்தான் தீரும். ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றினால் கொஞ்ச நாள் சுறுசுறுப்பாக ஓடும், பிறகு பழைய கதைதான்.

அதற்கும் முன்னால், கையில் கொஞ்சம் காசு இருந்து ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், அதை யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிஸ்க்குக்குப் போடுங்கள். வேகம் காத்திருக்கும். கல்யாணப் படம் காத்திருக்காது.

வெளி டிஸ்க் என்றால் எந்த முறையில் ஃபார்மட் செய்வது என்ற கேள்வி வரும். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறைகளாக என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், ஃபேட்32 என்று மூன்று பெயர் உண்டு. இதில் ஃபேட்32-ஐ நான் பழைய கார் ரேடியோவுக்குப் பாட்டு ஏற்றும் பென்டிரைவுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டினால் அதில் ஏறாது. எங்கள் ஊர்க் கல்யாண வீடியோ அண்ணன் ஒருவர் "டிஸ்க்ல 300 ஜிபி காலி, ஆனா இடம் பத்தலைன்னு சொல்லுது" என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். இதுதான் காரணம். தாலி கட்டும் காட்சியை ஒரே கோப்பாக 11 ஜிபியில் வைத்திருந்தார்.

அவருக்கு எக்ஸ்ஃபேட் போட்டுக் கொடுத்தேன். அவர் எடிட் செய்வது மேக்கில், வாடிக்கையாளர் பார்ப்பது விண்டோஸில். மேக் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும், தனி மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட் இரண்டு பக்கமும் எழுதும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கேமரா அட்டைகள் வருவதும் அதில்தான். ஆனால் எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம். என்டிஎஃப்எஸ் தான் செய்யப்போகும் மாற்றத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் செய்யும், நடுவில் கரண்டு போனால் குறிப்பேட்டைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பேடு இல்லை. நகலெடுக்கும்போது வயரைப் பிடுங்கினால் அடிபட வாய்ப்பு அதிகம். ஆகவே விண்டோஸ் மட்டுமே உள்ள வீட்டுக்கு என்டிஎஃப்எஸ், ஊர் சுற்றும் டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபேட். டிவியில் மாட்டிப் படம் பார்க்கிறவர்கள் தங்கள் டிவி எதைப் படிக்கிறது என்று ஒரு பென்டிரைவில் சோதித்துவிட்டுப் பெரிய டிஸ்க்கைத் தொடவும்.

பார்ட்டிஷன் அட்டவணையை எழுதும் முறை எம்பிஆரா, ஜிபிடியா என்பதில் நேரம் செலவிட வேண்டாம். எம்பிஆர் 1983இல் வந்த அட்டவணை முறை, 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது, நான்கு முதன்மைப் பகுதிகள்தான். ஜிபிடி தன் அட்டவணையின் நகலை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் 11 எதிர்பார்ப்பது யூஇஎஃப்ஐ என்ற, கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் புது முறை, அதற்கு ஜிபிடி. பயாஸ் என்ற பழைய தொடக்க முறை மட்டும் உள்ள ரொம்பப் பழைய மெஷின் என்றால் மட்டும் எம்பிஆர்.

ஃபார்மட்டில் குயிக், ஃபுல் என்று இரண்டு உண்டு. குயிக் செய்தால் உள்ளடக்கப் பட்டியல் மட்டும்தான் போகும், கோப்புகள் அந்தந்த இடத்தில் கிடக்கும், மேலே புதிதாக ஏதாவது எழுதப்படும் வரை. ஃபுல் என்றால் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முழு இடத்திலும் சுழியம் எழுதிவிடும். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கம்ப்யூட்டரை விற்கிறவர்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு ஃபுல் செய்யட்டும். தாமானில் (வீட்டுக் குடியிருப்பில்) யாரோ வாங்கிப் போய், உங்கள் அடையாள அட்டை நகலைத் தோண்டி எடுக்க வேண்டாம். எஸ்எஸ்டிக்கு அது தேவையில்லாத தேய்மானம். விற்கும்போது ரீசெட் வசதியில் டிரைவைத் துடைக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் வீட்டு உபயோகத்துக்குப் போதும்.

குயிக் ஃபார்மட்டில் கோப்புகள் கிடக்கும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கடை திறந்த முதல் வருஷம், இரண்டு டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் ஒன்றுக்கு விண்டோஸ் ஏற்றினேன். திரையில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று மட்டும் காட்டியது, இரண்டும் ஒரே அளவு. தப்பான எண்ணை அழுத்திவிட்டேன். வாடிக்கையாளரின் இருபது வருஷக் குடும்பப் படங்கள். கை நடுங்கியது. உடனே கம்ப்யூட்டரை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வேறு கம்ப்யூட்டரில் ஓட்டினேன். அதற்குள் எதுவும் மேலே எழுதப்படாததால் படங்கள் வந்தன. ஆனால் ஃபோட்டோரெக் கோப்புப் பெயரை மீட்காது, எண்தான் போடும். காதுகுத்தும் கருமாதியும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடந்தன. இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து பிரித்தேன், அந்த அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து விண்டோஸ் ஏற்றும் முன் தேவையில்லாத டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிடுகிறேன். நீங்களும் கழற்றுங்கள்.

அந்தத் தப்பை இன்று செய்தால் மீட்கவும் முடியாமல் போகலாம். விண்டோஸ் 11 புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. மீட்புச் சாவி அந்தக் கணக்கில் இருக்கும். அது யாருடைய மின்னஞ்சல், கடவுச்சொல் என்ன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பேரன் போட்டுக் கொடுத்த கணக்கு என்றால் பேரனிடம் கேட்டு எழுதுங்கள்.

இனி கிராணி ஐயாவின் சிபியு. ஃபார்மட் செய்வதற்கு முன் நான் எப்போதும் பார்ப்பது டிஸ்க்கின் உடல்நலம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் நல்லது என்றால் நீலம், எச்சரிக்கை என்றால் மஞ்சள் காட்டும். மஞ்சள் வந்தது. டிஸ்க் தன் கெட்டுப்போன இடங்களை ஒதுக்கிவைக்கத் தொடங்கியிருந்தது. மெதுவாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். இந்த டிஸ்க்கை ஒன்றாக விட்டாலும் பிரித்தாலும் ஒன்றுதான்.

அவருடைய எல்லாக் கோப்புகளும் சேர்ந்து 140 ஜிபி. 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பிரிக்காமல் ஒரே சி-யாகப் போட்டேன். எட்டாம் தலைமுறை இன்டெல் சிப் என்பதால் விண்டோஸ் 11 ஏறியது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதே. 1 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, என்டிஎஃப்எஸ். அதை எஸ்எஸ்டியாக வாங்கலாமே என்று கேட்டார். வாரக்கணக்கில் மின்சாரம் படாமல் பூட்டி வைக்கப் போகும் பொருளுக்கு ஹார்ட் டிஸ்க்கே எனக்குத் திருப்தி. பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யவில்லை. அப்படியே கழற்றித் தேதி எழுதிக் கொடுத்துவிட்டேன், ஆறு மாதம் தொடாமல் வைத்திருக்கச் சொல்லி. ஃபார்மட் செய்ய வந்தவர், எதையும் ஃபார்மட் செய்யாமல் திரும்பினார்.

"டி எங்க தம்பி?" என்று மட்டும் கடைசியில் கேட்டார். வெளி டிஸ்க்கை மாட்டிக் காட்டினேன். அதற்கு டி என்ற எழுத்துத்தான் விழுந்திருந்தது.

மாதம் ஒரு முறை கணக்கு முடித்ததும் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கோயில் இரும்பு அலமாரியில், அம்மன் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறார். வீட்டில் இடி விழுந்தாலும் கோயிலில் ஒன்று இருக்கும். பொருளாளர் அதைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று நிற்கிறாராம். எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.